சலாத்திகா: குடியிருக்க, முதலீடு செய்ய, சுற்றிப் பார்க்க எப்படி?

கேள்வி இதுதான்: இந்தோனேசியாவில் பாலி, ஜகார்த்தா வேண்டாம், ஜாவா தீவின் உள்பகுதியில் சின்ன ஊர் ஒன்றில் தங்கலாமா, மனை வாங்கலாமா?

என் தேர்வு சலாத்திகா. செமாராங், சோலோ நகரங்களுக்கு நடுவில், மெர்பாபு மலையடிவாரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேல் என்பதால் குளுமை. அந்தக் குளிருக்காகத்தான் டச்சுக்காரர்களும் இங்கே பங்களா கட்டினார்கள். சத்ய வாச்சனா பல்கலைக்கழகம் இருப்பதால் மாணவர் கூட்டம், மலிவான சாப்பாட்டுக் கடைகள். ராத்திரி 'வேடாங் ரொண்டே' குடித்துப் பாருங்கள்: சுடச்சுட இஞ்சிச் சாறு, அதில் மிதக்கும் அரிசி மாவு உருண்டை, கடித்தால் உள்ளே இடித்த வேர்க்கடலை. நம்ம பூரணக் கொழுக்கட்டை இஞ்சித் தண்ணீரில் குளித்த மாதிரி.

சரி, முதலீடு. இங்கேதான் நிதானம் வேண்டும். 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் முழு உரிமை நிலம் கிடையாது. அங்கே வசிக்க அனுமதி உள்ளவருக்கு 'ஹக் பக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை உண்டு. முதலில் 30 ஆண்டு, பிறகு நீட்டிக்கலாம். "உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் போடலாம்" என்று தரகர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. கம்பெனி தொடங்கலாம் என்றால், நிலமும் கட்டடமும் சேர்க்காமலே 1,000 கோடி இந்தோனேசிய ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் கேட்பார்கள். சின்ன ஊர் காபிக் கடைக்கு இது கட்டுப்படியாகாது. முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

ஊருக்குள் ரயில் கிடையாது. செமாராங் விமான நிலையத்தில் இறங்கி, சுங்கச்சாலை வழியாக வரலாம். பக்கத்திலேயே ராவா பெனிங் ஏரி, அம்பராவா ரயில் அருங்காட்சியகம். மழைக்காலத்தில் மட்டும் மலையேற்றத் திட்டம் வேண்டாம்.