ராஜா முட்டை போட்டுவிட்டான்!

வீட்டு உயிர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள். அங்கே ஒரு லெப்பர்ட் கெக்கோ பல்லி வளர்க்கிறாள். ஆண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். ராஜா என்று பெயர் வைத்தாள். போன வாரம் ராஜா இரண்டு முட்டை போட்டுவிட்டது! கூண்டில் வேறு பல்லி கிடையாது. வீடியோவில் காட்டினாள், முட்டை தோல் மாதிரி மெத்தென்று இருக்கிறது. நம் வீட்டுப் பல்லி முட்டை கெட்டியாக இருக்குமே, இது ஏதாவது நோயா? குஞ்சு பொரிக்குமா? பல்லி சாப்பிடவும் மாட்டேன் என்கிறது. என் மாமியார் இதற்குப் பலன் உண்டா என்று பஞ்சாங்கத்தை எடுத்து வைத்திருக்கிறார். டிசம்பரில் மகள் சிங்கப்பூருக்கு வரும்போது பல்லியையும் கையோடு கொண்டு வரலாமா?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: பஞ்சாங்கத்தைத் திறந்தபடி பெரியவர் காத்திருக்கிறார், அவர் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கௌளி சாஸ்திரத்தில் பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன, எந்தத் திசையில் சொன்னால் என்ன என்றெல்லாம் உண்டு. லெப்பர்ட் கெக்கோவுக்கு நம் வீட்டுப் பல்லி போல விரலில் ஒட்டும் பட்டை கிடையாது. கண்ணாடியில்கூட அதால் ஏற முடியாது. தரையிலேயே நடந்து திரிகிற பல்லி யார் தலையில் போய் விழப் போகிறது? பெரியவரிடம் பஞ்சாங்கத்தை மூடிவிடச் சொல்லலாம்.

முட்டை மெத்தென்று இருப்பது நோய் இல்லை. நம் வீட்டுச் சுவர்ப் பல்லியின் முட்டை போட்ட கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பு போல இறுகிவிடும். லெப்பர்ட் கெக்கோ வேறு குடும்பம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட மண்ணில் வாழ்வது, கண்ணுக்கு இமை உள்ளது, கண் சிமிட்டும். அதன் முட்டை தோல் முட்டைதான். ஈரமண்ணிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ள வசதியாக அப்படி இருக்கிறது.

ஆண் இல்லாமல் முட்டை எப்படி வந்தது என்றால், ஃபேர்பிரைஸ் கடையில் நீங்கள் வாங்கும் முட்டை வந்த மாதிரிதான். சேவலைக் கண்ணால் பார்க்காத கோழி முட்டை போடுவதில் நமக்கு ஆச்சரியம் இல்லை; பல்லி போட்டால் மட்டும் பதறுகிறோம். வயதுக்கு வந்த பெண் பல்லிக்குப் பருவம் வந்தால் முட்டை உருவாகும், கரு இல்லாவிட்டாலும் அதை வெளியே தள்ளியாக வேண்டும். ஆண் என்று விற்றதும் அபூர்வமான விஷயம் இல்லை. குட்டியாக இருக்கும்போது வித்தியாசம் சரியாகத் தெரியாது. இப்போது ராஜாவை ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு அடியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பின்னங்கால்களுக்கு நடுவே, கழிவுத் துவாரத்துக்கு முன்னால், ஆங்கில 'V' எழுத்து போல வளைந்த வரிசையில் பளிச்சென்று துளைகளும், துவாரத்துக்குப் பின்னால் இரண்டு புடைப்பும் இருந்தால் ஆண். ராஜாவுக்கு அது இருக்காது. பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பது மகள் பாடு.

குஞ்சு பொரிக்குமா? ராஜா குட்டியாக வாங்கப்பட்டு அன்றிலிருந்து தனியாகவே இருந்திருந்தால், பொரிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பிறகு, கடையில் மற்றப் பல்லிகளோடு இருந்த நிலையில் வாங்கியிருந்தால் கதை வேறு. பெண் பல்லி விந்தணுவை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். பழைய சேர்க்கைக்கு இப்போது கரு கூடலாம். இன்னொரு வழியும் உலகத்தில் உண்டு. மான்செஸ்டரிலிருந்து தூரம் இல்லாத செஸ்டர் விலங்குத் தோட்டத்தில் ஃபுளோரா என்ற கொமோடோ டிராகன் (ராட்சதப் பல்லி இனம்), ஆண் துணையே இல்லாமல் 2006இல் முட்டையிட்டது. 2007 தொடக்கத்தில் அவற்றிலிருந்து குட்டிகள் வெளிவந்தன. மகளுக்கு இதைச் சொன்னால் குஷியாகிவிடுவாள், ஆனால் ராஜாவிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

கரு உள்ளதா என்று பார்க்க ஆசை என்றால், ஒரு வாரம் பத்து நாள் கழித்து, இருட்டறையில் முட்டைக்குப் பக்கத்தில் சின்ன டார்ச் வைத்துப் பார்க்கலாம். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கரு. வெறும் மஞ்சளாக இருந்தால், அல்லது முட்டை குழிந்து பூசணம் பிடித்தால், ஒன்றும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: கோழி முட்டையைத் திருப்புவது போல இதைத் திருப்பக் கூடாது. ஊர்வனவற்றின் கரு மேல் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வளரும், கவிழ்த்தால் செத்துவிடும். எடுக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அதே பக்கம் மேலே இருக்கும்படிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குட்டி வேண்டாம் என்றால், நான் சொல்வது கொஞ்சம் கல்மனசாகத் தெரியலாம், போட்ட அன்றே உறையவைத்து எறிந்துவிடுவது நல்லது. மாணவி, வாடகை அறை, பரீட்சை. இதற்கு நடுவில் குட்டிப் பல்லிகளுக்கு வீடு தேடுவது விளையாட்டு இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது முட்டையில் இல்லை, 'சாப்பிட மாட்டேன் என்கிறது' என்ற இடத்தில். எல்லோரும் முட்டையைப் பார்க்கிறார்கள், போட்டவளை யாரும் பார்ப்பதில்லை. மண்டாய் விலங்குத் தோட்டத்தில் ஊர்வனவற்றைப் பார்த்துக்கொண்ட காலத்திலிருந்து எனக்கு இந்த ஆதங்கம் உண்டு. முட்டை போடுவதற்கு முன்னால் சில நாள் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். வயிறு நிறைய முட்டை, இடம் இல்லை. போட்டு முடித்த மறுநாள் பாருங்கள், பக்கவாட்டுத் தோல் தொளதொளவென்று மடிந்து, இடுப்பெலும்பு தெரியும். அதன் பிறகும் சாப்பிடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

முட்டைக்கு வேண்டிய கால்சியத்தைப் பல்லி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஆகவே கொடுக்கும் சிள்வண்டு, புழு எதுவானாலும் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்கட்டும். வைட்டமின் டி3 சேர்ந்த பொடி எவ்வளவு இடைவெளியில் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஒரு பாட்டில் மூடியில் வெறும் கால்சியம் பொடியைக் கூண்டு மூலையிலேயே வைத்துவிட்டால், வேண்டும்போது அதுவே வந்து நக்கிக்கொள்ளும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மான்செஸ்டர் குளிருக்குக் கூண்டின் ஒரு பக்கத் தரை 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும், மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாக. சூடேற்றும் பாயை தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடவே கூடாது, வயிறு வெந்துவிடும்.

இரண்டோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். இவை ஒரு தடவைக்கு இரண்டு முட்டை என்று, சில வாரம் விட்டு மறுபடி போடும். ஒரு பருவத்தில் பல தடவை நடக்கும். ஆகவே முட்டையிட ஓர் இடம் செய்து கொடுப்பது அவசியம். ஐஸ்கிரீம் டப்பா அளவில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் பல்லி நுழையும் அளவு ஓட்டை, ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து மழுங்கடித்துவிட வேண்டும். உள்ளே மூன்று நான்கு விரல் ஆழத்துக்குத் தேங்காய் நார்த் தூளோ, வெர்மிகுலைட் என்ற கனிமத் தூளோ நனைத்துப் போடலாம். கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சூடான பக்கத்தில் வைத்துவிட்டு எட்டிப் பார்க்காமல் விடுவது முக்கியம். நோண்டும், வெளியே வரும், திரும்ப உள்ளே போகும். இடம் பிடிக்கவில்லை என்றால் முட்டையை அடக்கி வைத்துக்கொள்ளும், அதுதான் ஆபத்து.

அந்த ஆபத்து எப்படித் தெரியும்? வயிற்றுத் தோல் மெல்லியது, முட்டை இரண்டு வெள்ளை நீள்வட்டமாக வெளியிலிருந்தே தெரியும். அது தெரிந்துகொண்டே இருக்க, பல்லி முக்கிக்கொண்டு, அல்லது சோர்ந்து படுத்து, கண் குழிந்து, பின்னங்கால் இழுத்தால், அல்லது கால் நடுங்கினால், அன்றே மருத்துவரிடம். நாய் பூனை பார்க்கும் எல்லாரும் பல்லி பார்க்க மாட்டார்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவர் யார் என்று இப்போதே விசாரித்துத் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வீட்டிலேயே வயிற்றை அழுத்தி எடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், உள்ளே உடைந்தால் பிழைக்காது. சமையல் தராசில் வாரம் ஒரு முறை எடை போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாலையும் பார்க்கணும். கொழுப்பை அங்கேதான் சேர்த்து வைக்கும், வால் மெலிகிறது என்றால் சேமிப்பு கரைகிறது.

டிசம்பருக்கு: கொண்டு வர முடியாது. சிங்கப்பூரில் பல்லி, ஓணான், பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் கடையில் விற்கலாம் என்று விட்டிருப்பது சிவப்புக்காது டெரப்பின் என்ற நீர் ஆமையும் மலாயன் பெட்டி ஆமையும்தான். விடுமுறைக்கு ராஜாவைப் பார்த்துக்கொள்ள ஒரு தோழியை இப்போதே பிடித்து வைக்கட்டும். சிள்வண்டைத் தொட அருவருக்காத தோழியாக இருந்தால் நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டு டெரப்பின் பல வருடமாகக் கண்ணாடித் தொட்டியில் தனியாக இருக்கிறது. திடீரென்று தண்ணீருக்குள் நாலு முட்டை கிடந்தது. இரவெல்லாம் கண்ணாடியைப் பிராண்டுகிறது. பெரிதாகிவிட்டது, சமாளிக்க முடியவில்லை. பிடோக் நீர்த்தேக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே விட்டால் சுதந்திரமாக இருக்குமே என்கிறார் கணவர்.
– ஒரு வாசகி, பிடோக்

பதில்: கணவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டப்படிக் குற்றம். வெசாக் சமயத்தில் புண்ணியம் என்று பலர் இதைத்தான் செய்கிறார்கள், அதைத் தடுக்கவே ஒவ்வொரு வருடமும் தேசியப் பூங்காக் கழகத்தார் நீர்த்தேக்கங்களில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தொட்டியில் வளர்ந்தது அங்கே பட்டினி கிடக்கும், தப்பிப் பிழைத்தால் இங்குள்ள ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து வந்த இனம் அது.

பிராண்டுவது சுதந்திரத்துக்காக இல்லை, மண்ணுக்காக. டெரப்பின் கரையேறிக் குழி தோண்டித்தான் முட்டையிடும். தோண்ட இடம் இல்லாமல் தாங்க முடியாதபோது தண்ணீரில் போட்டுவிடும். நாலோடு நின்றிருந்தால் சரி, உள்ளே இன்னும் இருக்கலாம். இன்னும் பிராண்டுகிறது என்கிறீர்கள், அதனால் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், ஆமையின் ஓட்டு நீளத்துக்குக் குறையாத ஆழத்தில் ஈர மணலும் மண்ணும் கலந்து போட்டு, குளியலறையில் வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, மாலையில் சில மணி நேரம் தனியே விடுங்கள். பின்னங்காலால் மெதுவாகத் தோண்ட ஆரம்பிக்கும். அப்போது யாரும் உள்ளே போகக் கூடாது, பயந்தால் நிறுத்திவிடும். சில நாள் முயன்றும் போடவில்லை, சாப்பிடவில்லை, சோர்வு என்றால் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து உள்ளே எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிடுவார்.

தண்ணீரில் கிடந்த முட்டையை எடுத்துப் போட்டுவிடுங்கள். தனியாக வளர்ந்தது, கரு இருக்காது. இருந்திருந்தாலும் தண்ணீரில் மூழ்கி வீணாகியிருக்கும். விட்டுவைத்தால் தண்ணீர் நாறும். சந்தைக்குப் போகும்போது கணவாய் வாங்கினால் அதன் உள்ளே இருக்கும் வெள்ளை ஓட்டைக் கழுவி வெயிலில் காயவைத்துத் தொட்டியில் போடுங்கள், கடித்துத் தின்னும், கால்சியத்துக்கு நல்லது. தொட்டியைக் கழுவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சமையலறைக்குள் போக வேண்டாம், சால்மொனெல்லா கிருமி இவற்றிடம் சகஜம். உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் தெரிந்தவர்களிடம் கேளுங்கள், அவசரப்படாமல். இன்னும் பல வருடம் வாழக்கூடிய உயிர் அது.

கேள்வி: எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை இருக்கிறது. எடுத்து டப்பாவில் வைத்து நானே பொரிக்க வைக்கலாமா? அம்மா குப்பையில் போடச் சொல்கிறார்.
– தொடக்கநிலை ஐந்து மாணவன், ஜூரோங் வெஸ்ட்

பதில்: எடுக்காதே தம்பி. சில வகைப் பல்லிகள் முட்டையைச் சுவரில் ஒட்டியே வைக்கும், பெயர்த்தால் உடைந்துவிடும். டிவி சூடு அதற்குப் போதும். ஒன்றரை மாதத்துக்கு மேலேகூட ஆகலாம், அவசரப்படாமல் அவ்வப்போது டார்ச் அடித்துப் பார். உன்னைப் போன்ற ஆளுக்கு இன்னொரு தகவல்: சிங்கப்பூரில் உள்ள பல்லி வகைகளில் ஒன்றில் ஏறக்குறைய எல்லாமே பெண். ஆணே இல்லாமல் முட்டையிட்டு, அப்படியே தன்னைப் போன்ற பெண் குட்டிகளாகவே பொரிக்கும். உன் வீட்டில் இருப்பது அதுவா என்று முட்டையை வைத்துச் சொல்ல முடியாது, குட்டி வந்த பிறகு படம் எடுத்து அனுப்பு.

அம்மாவிடம், குட்டி போன பிறகு முட்டை ஓட்டையும் எச்சத்தையும் நீயே துடைத்துவிடுவதாகச் சொல்லிப் பார். ஒத்துக்கொள்வார்.