சீட்டுக்கட்டு ராஜா யாருக்குச் சொந்தம்?

சட்டம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: விடுமுறை நாள்களில் வீட்டில் ஆடும் ‘கழுதை’ ஆட்டத்தைக் கைபேசிச் செயலியாக உருவாக்கி வருகிறேன். வீட்டிலிருந்த வெளிநாட்டுச் சீட்டுக்கட்டு ஒன்றை ஸ்கேன் செய்து, அதன் படங்களையே பயன்படுத்தியிருக்கிறேன். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாக் கட்டிலும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன, இதற்கு யார் உரிமை கொண்டாட முடியும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா?
- பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை

பதில்: பாதி சரி. ஆட்டத்தின் விதிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. வெட்டுப்பட்டவர் சீட்டுகளை அள்ளுவதும், கடைசிவரை கையில் சீட்டு வைத்திருப்பவர் கழுதையாவதும் ஒரு கருத்து மட்டுமே. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அது வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

படங்களின் கதை சற்று வேறு. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கட்டுகளில் உள்ள ராஜா ராணி உருவங்கள், பிரான்சின் ரூவான் நகரத்துச் சீட்டுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் மேலும் கீழும் தலை கொண்ட வடிவமும் மூலையில் எண்ணும் எழுத்தும் பெற்று இன்றைய நிலைக்கு வந்தவை. அந்தப் பழைய மாதிரி எவருடைய சொத்தும் அன்று. ஸ்பேடு, ஆர்ட்டின், டைமண்ட், கிளாவர் குறிகளும் அப்படியே. ஆனால் அந்த மாதிரியை வைத்துக்கொண்டு ஓர் ஓவியர் முகத்தையும் உடையையும் வண்ணத்தையும் தம் கற்பனைப்படி மாற்றி வரைந்திருந்தால், அவர் புதிதாகச் சேர்த்த பகுதிக்கு உரிமை உண்டு. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது அவர் வாழ்நாளும் அதன் பிறகு 60 ஆண்டுகளும் நீடிக்கும். வரைந்தவர் பெயர் இல்லாமல் வெளியான படமானால், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே நீங்கள் ஸ்கேன் செய்த கட்டு எப்போது வரையப்பட்டது என்பதே முதற்கேள்வி.

நண்பர்கள் மறந்துபோன இரண்டு இடங்கள் ஸ்பேடு ஏஸும் சீட்டின் முதுகும். இங்கிலாந்தில் சீட்டுக்கட்டுக்கு வரி இருந்த காலத்தில், வரி செலுத்தியதற்கான அடையாளம் ஸ்பேடு ஏஸில்தான் இருந்தது; அந்தப் பழக்கத்தால் இன்றும் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரையும் சின்னத்தையும் அந்தச் சீட்டிலேயே பதிக்கிறார்கள். முதுகுப்பக்க ஓவியமும் அதே வேலையைச் செய்கிறது. ‘பைசிகிள்’ என்ற அமெரிக்கச் சீட்டுக்கட்டுகளின் முதுகில் காணப்படும், மிதிவண்டியில் அமர்ந்த சிறகுள்ள குழந்தை உருவம் 1887இல் வந்தது. பதிப்புரிமைக் காலம் என்றோ முடிந்திருக்கும். ஆனாலும் அந்தக் கட்டைத் தயாரிக்கும் நிறுவனம் அவ்வுருவத்தைத் தன் வணிகச் சின்னமாக உரிமை கோரி வருகிறது. பதிப்புரிமை ஒருநாள் முடியும்; வணிகச் சின்னமோ, பயன்பாட்டில் இருந்து, பத்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டும் வந்தால் முடிவதே இல்லை. பழையது என்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்னும் வாதம் எடுபடாமல் போவது இங்கேதான். செயலிக் கடைகள் உலகமெங்கும் திறந்திருப்பவை. வழக்கு வருவதற்கு முன்பே, ஒரு புகாரிலேயே உங்கள் செயலி நீக்கப்படலாம்.

ஸ்கேனை விட்டுவிட்டு நீங்களே வரைந்துகொள்வது நல்லது. வரைய வராது என்றால், பிறர் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட சீட்டுப் படத் தொகுப்புகள் விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடங்களில் உள்ளன. ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள உரிமக் குறிப்பைப் படியுங்கள்: சில நிபந்தனையற்றவை, சில, வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பவை, வேறு சில, நீங்கள் மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில் பிறருக்குத் தர வேண்டும் என்பவை. ஒன்றை மட்டும் நீங்கள் கேட்காமலே சொல்லிவைக்கிறேன்: காசு கட்டி ஆடும் வசதி எதையும் சேர்க்காதீர்கள், 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்திருக்கிறது.

கேள்வி: ஓர் அச்சு நிறுவனத்துக்காக ஒரு கட்டுச் சீட்டுக்கும் படம் வரைந்து கொடுத்துக் கூலி பெற்றேன். எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது என் ராணியும் ஜாக்கியும் ஒரு கைபேசி விளையாட்டில் ஆடுகிறார்கள். நான் ஏதும் கேட்க முடியுமா?
- ஓவியர், அம்பாசமுத்திரம்

பதில்: கேட்கலாம், ஆனால் விடை நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது. நீங்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்தவராக இருந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நிறுவனத்துடையது. வெளியாளாக இருந்து வரைந்திருந்தால் உரிமை பொதுவாக ஓவியருக்கே. இதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் விலை பெற்று வரைந்த வண்ண ஓவியம் அல்லது உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் தந்தவரே முதல் உரிமையாளர். கணினியில் கோடுகளால் வரையப்பட்ட சீட்டுப் படம் இந்த ‘ஓவியம்’ என்ற சொல்லுக்குள் அடங்குமா என்று இரு தரப்பும் வாதாட இடமிருக்கிறது. எனவே நீங்கள் தூரிகையால் வரைந்தீர்களா, கணினியிலா என்பதைக்கூட உங்கள் வழக்கறிஞர் கேட்பார்.

உரிமை உங்களிடமே இருந்தால், வாய்ச்சொல்லால் அது கைமாறியிருக்காது. கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். ஆவணம் இருந்தாலும், அதில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு கொள்கிறது. உரிமை யாரிடம் இருந்தாலும் ஒன்று உங்களை விட்டுப் போகாது: படத்தை வரைந்தவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளவும், உங்கள் மதிப்பைக் குலைக்கும் வகையில் அது சிதைக்கப்பட்டால் எதிர்க்கவும் 57ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. மூலக் கோப்புகள், கூலி வந்த வங்கிப் பதிவு, அலைபேசியில் பரிமாறிய செய்திகள் அனைத்தையும் முதலில் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களை ராஜா ராணியாக வைத்து ஒரு சீட்டுக்கட்டு செய்ய ஆசை. தடையுண்டா?
- வாசகி, வீரவநல்லூர்

பதில்: நாயக்கர் காலச் சிற்பத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் இணையத்தில் கிடைக்கும் அதன் புகைப்படத்துக்கு, எடுத்தவரின் உரிமை உண்டு. நேரில் போய்ப் பார்த்து வரையுங்கள்; கோயிலுக்குள் படம் எடுப்பதற்கு நிர்வாகத்தின் அனுமதி தனி விஷயம்.

கேள்வி: புகழ்பெற்ற வெளிநாட்டுச் சீட்டு விளையாட்டு ஒன்றின் பெயரைக் கொஞ்சம் மாற்றி என் விளையாட்டுக்கு வைக்கலாமா?
- சிறுதொழில் முனைவோர், தென்காசி

பதில்: வேண்டாம். கொல்கத்தாச் சகோதரர்கள் இருவர் ‘ஸ்கிராபுலஸ்’ என்ற சொல் விளையாட்டை இணையத்தில் நடத்தியபோது, ‘ஸ்கிராபிள்’ உரிமையாளரான மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008இல் வந்த உத்தரவில், விளையாட்டுப் பலகைக்கும் விதிகளுக்கும் பதிப்புரிமை கோரியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் பெயர் மயக்கம் தரும்படி ஒத்திருக்கிறது என்று அதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆட்டம் தப்பித்தது, பெயர் மாட்டிக்கொண்டது. உங்களுக்கும் அதே நிலை வரலாம்.

சொந்தமாக ஒரு பெயரைத் தேர்ந்து, வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்த பின் விண்ணப்பியுங்கள். பொருளுக்கும் சேவைக்கும் ஏற்ப விண்ணப்ப வகுப்பு மாறும்: அச்சிட்ட சீட்டுக்கு 28ஆம் வகுப்பு, பதிவிறக்கும் செயலிக்கு 9ஆம் வகுப்பு, இணையத்தில் நடத்தும் விளையாட்டுச் சேவைக்கு 41ஆம் வகுப்பு. தனிநபரும் சிறுதொழில் செய்பவரும் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். தமிழ்நாட்டு விண்ணப்பங்களுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. இணையவழி விண்ணப்பத்துக்காகத் தென்காசியிலிருந்து அதுவரை ரயிலேற வேண்டியதில்லை.