தைப்பூசக் கூட்டத்தில் மட்டும் பயம் குறைவது ஏன்?

கேள்வி: பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் முன்பின் தெரியாதவர் நீட்டும் மோரைக் கூசாமல் குடிக்கிறோம். மற்ற நாளில் அப்படிக் குடிப்போமா?

பெரும்பாலும் மாட்டோம். ‘நம்ம ஆள்’ என்ற எண்ணம் வந்துவிட்டால் ஆபத்தை எடைபோடும் விதமே மாறுகிறது. உளவியலாளர் ஸ்டீபன் ரைக்கரும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக மாணவர்களிடம் வியர்வை நாறும் டி-சட்டையைக் கொடுத்தார்கள். அதில் தங்கள் பல்கலைக்கழகச் சின்னம் இருந்தபோது, மாணவர்கள் கையைச் சுத்தம் செய்ய மெதுவாகவே நடந்தார்கள். கிருமிநாசினியையும் குறைவாகத்தான் எடுத்தார்கள். வேறு பல்கலைக்கழகச் சின்னம் என்றால் வேகமான நடை!

ஆஸ்திரேலிய உளவியலாளர் டீகன் குரூய்ஸ் இதை ஆபத்து பற்றிய ஆய்வாகவே வளர்த்தார். சொந்தக் குழு என்றால் நம்பிக்கை கூடுகிறது. அவர்களால் வரக்கூடிய ஆபத்து சிறிதாகத் தெரிகிறது. துணிச்சலும் தானாக வருகிறது.

தண்ணீர்ப் பந்தலில் ரதம் நெருங்கும் நேரம் பாருங்கள். ஒரே டம்ளர் கைமாறும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதே ஆள் மறுநாள் கொம்தார் பேருந்தில் பக்கத்தில் யாராவது இருமினால் நகர்ந்து உட்காருவார். (பக்தியைக் குறை சொல்லவில்லை, டம்ளரைத்தான்.) கோவிட் காலத்தில் கடையில் முகக்கவரியோடு நின்றவர்கள் சித்தப்பா வீட்டு வாசலில் அதைக் கழற்றியதும் இந்த வகைதான்.