7 கிலோமீட்டர் நீளமே உள்ள தனியார் ரயில் கம்பெனி ஒன்று எப்படி இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது?

கேள்வியில் "அமெரிக்காவில் 'ஷார்ட் லைன்' என்று சின்னச் சின்னத் தனியார் ரயில் கம்பெனிகள் இருக்கின்றனவாமே, சிலவற்றுக்குப் பத்து கிலோமீட்டர் பாதைகூட இல்லையாமே, அவை எப்படிப் பிழைக்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கின்றன, ஏறக்குறைய அறுநூறு. பெரிய கம்பெனிகளின் மெயின் லைனிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊருக்கும் ஆலைக்கும் நாலைந்து சரக்குப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவற்றின் வேலை. 1980-இல் ரயில் கம்பெனிகள் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் தளர்ந்தபோது பெரிய கம்பெனிகள் லாபமில்லாத கிளைப் பாதைகளைக் கைகழுவின. இன்றுள்ள பல ஷார்ட் லைன்கள் அப்படி வந்தவைதான்.

நான் சொல்லப்போவது அதற்கெல்லாம் வெகு முந்தையது. பென்சில்வேனியாவில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் ரயில் ரோடு. வேலைக்காக ஃபிலடெல்ஃபியா பக்கம் இருந்த வருஷங்களில் மூன்று முறை போயிருக்கிறேன்.

இந்தக் கம்பெனிக்கு மாநில அரசு உரிமம் கொடுத்தது 1832-இல். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து அதே மாநிலத்திலுள்ள கொலம்பியா என்ற ஊர் வரை போட்ட பெரிய பாதை ஸ்ட்ராஸ்பர்க் ஊரைத் தொடாமல் விலகிப் போனது. வியாபாரம் அடிபட்டுவிடும் என்று பயந்த ஊர்க்காரர்கள் அந்தப் பாதை வரை தாங்களே தண்டவாளம் போட்டுக்கொண்டார்கள். மொத்தம் நாலரை மைல். தொடக்கத்தில் பெட்டிகளை இழுத்தவை குதிரைகள். நீராவி எஞ்சின் பின்னால்தான் வந்தது. 20-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் டிராம் வந்து பயணிகளைக் கொண்டுபோனது, அப்புறம் லாரி வந்து சரக்கைக் கொண்டுபோனது. 1926-இல் வாங்கிய குட்டி பெட்ரோல் எஞ்சின் ஒன்று மட்டும் மிச்சமிருந்த வேலையைப் பார்த்தது.

1950-களில் உரிமையாளர் இறந்ததும், பாதையை மூட அனுமதி கேட்டு மனு போட்டார்கள். பழைய இரும்பாக விற்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஹென்றி லாங், டொனால்ட் ஹாலக் என்ற இரண்டு ரயில் ஆர்வலர்கள் ஆள் சேர்த்தார்கள். 24 பேர் பணம் போட்டார்கள். 1958 நவம்பர் 1-ஆம் தேதி 18,000 டாலருக்குக் கம்பெனி கைமாறியது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. வாங்கிய கையோடு அவர்கள் சுற்றுலா ரயில் விடவில்லை. ஒரே வாரத்தில், ஊரில் இருந்த ஆலை ஒன்றுக்கு ஒரு சரக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கைவிட்டுப்போன பாதையில், வேறு வேலையில் இருந்தவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது. பயணிகள் ரயில் 1959 ஜனவரியில்தான் தொடங்கியது. கனடாவிலிருந்து வாங்கிய நீராவி எஞ்சின் 1960-இல் ஓட ஆரம்பித்தது. சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு இழுத்துக்கொண்டிருந்த 90-ஆம் எண் எஞ்சின் கொலராடோவிலிருந்து 1967-இல் வந்தது. டிக்கெட் பணம்தான் இன்று பெரிய வருமானம். ஆனால் சரக்கை அவர்கள் விடவே இல்லை, லீமன் பிளேஸ் சந்திப்பில் பெரிய கம்பெனியோடு இன்றும் பெட்டி மாற்றிக்கொள்கிறார்கள். அதோடு, அவர்களுடைய பணிமனை மற்ற ரயில் கம்பெனிகளின் நீராவி எஞ்சின்களையும் பழுதுபார்த்துச் சம்பாதிக்கிறது. உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில் இந்தப் பணிமனைதான். பாய்லர் வேலை தெரிந்த கைகள் உள்ளே இருப்பதால் எஞ்சின் நின்றுபோனால் வெளியே யாரையும் தேட வேண்டியதில்லை.

2022 நவம்பரில் அது கண்ணெதிரே தெரிந்தது. 1906-இல் கட்டிய 475-ஆம் எண் எஞ்சின், தடம் மாற்றும் சுவிட்ச் தப்பாகத் திரும்பியிருந்ததால் பக்கத்துப் பாதைக்குள் போய், அங்கே நிறுத்தியிருந்த மண் தோண்டும் இயந்திரத்தில் மோதியது. யாருக்கும் காயமில்லை. முன்பக்கப் புகைப்பெட்டியில் மட்டும் ஓட்டை. வீடியோவைப் பார்த்து எனக்கு மனசே கேட்கவில்லை. சில நாட்களிலேயே சரிசெய்து ஓட்டிவிட்டார்கள்!

பயணம் போகவர முக்கால் மணி நேரம். இருபுறமும் ஆமிஷ் மக்களின் வயல்கள். நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள், இன்றும் கோவேறு கழுதை பூட்டி உழுகிறார்கள். ஒரு கேட்டில் கறுப்புக் குதிரை வண்டி ஒன்று நின்றது. எஞ்சின் ஊதிக்கொண்டு கடந்தபோதும் குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. லீமன் பிளேஸில் எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்டுவார்கள். கையுறை போட்ட ஓர் இளம்பெண் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து பிரேக்குக்கான காற்றுக் குழாயைச் சேர்த்தாள். இழுத்துப் பார்த்தாள், மறுபடியும் இழுத்துப் பார்த்தாள், அப்புறம்தான் கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மெயின் லைனில் மின்சார ரயில் ஒன்று சரேலென்று போனது. எங்கள் பெட்டியில் எல்லோரும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

போவதாக இருந்தால் திறந்த பெட்டியில் இடம் பிடியுங்கள். கரித்துகள் பறக்கும், வெள்ளைச் சட்டை வேண்டாம். சாலைக்கு எதிர்ப்புறம் பென்சில்வேனியா ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்குத் தனியாக அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.