முன்வரிசைக்கு மட்டும் சுண்ணாம்பு

கேள்வி: துளசி கப்பார்ட் அமெரிக்க எம்.பி.யாக இருந்தபோது, போர் நடந்துகொண்டிருந்த சிரியாவுக்கே நேரில் போய்ப் பார்த்து வந்தவர். குன்னூரில் உட்கார்ந்துகொண்டு அவரைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: போனதை நான் குறை சொல்லவில்லை. யார் கூட்டிக்கொண்டு போய் எதைக் காட்டினார்கள் என்றுதான் கேட்கிறேன்.

2017 ஜனவரியில் அவர் டமாஸ்கஸில் அதிபர் அசாத்தைச் சந்தித்தார். அப்புறம் அலெப்போ. அந்த நகரின் கிழக்குப் பகுதியைக் கிளர்ச்சியாளர்களிடமிருந்து அரசுப் படை மீட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. குண்டுக்குத் தப்பிய ஆயிரக்கணக்கானவர்களைப் பேருந்துகளில் ஏற்றி, கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த இட்லிப் பக்கம் அனுப்பிவிட்டிருந்தார்கள். முதலில் அவர்களிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை.

எதிர்த்தரப்போடு போனவரும் அப்படித்தான். செனட்டர் ஜான் மெக்கெய்ன் 2013 மே மாதம் துருக்கி எல்லை வழியாக நுழைந்து, கிளர்ச்சிப் படைத் தளபதிகளோடு பேசிவிட்டுச் சில மணி நேரத்தில் திரும்பினார். கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுக்க வேண்டும் என்பது போவதற்கு முன்பே அவர் சொல்லிவந்ததுதான்; வந்த பிறகும் அதையேதான் சொன்னார்.

தேயிலைக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இது புரியும். என் அப்பா வேலை பார்த்த எஸ்டேட்டுக்குப் பெரிய அதிகாரி வருகிறார் என்றால், முதல் நாளே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். முன்வரிசைக்கு மட்டும். அன்றைக்குக் குழாயில் தண்ணீரும் வரும். "ஏதாவது குறை இருக்காம்மா?" என்று அவர் அன்பாகத்தான் கேட்பார். பக்கத்தில் மேஸ்திரி நிற்பார். "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்பார் அம்மா. எங்கள் கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. பேர் வெட்டிவிடுவார்களோ என்ற பயத்துக்கே நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அலெப்போவில் பேசுகிறவனுக்குப் போவது வேலை இல்லை, உயிர்.

சரி, போய்வந்ததால் என்ன கெட்டுவிட்டது என்பீர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கான் ஷேக்கூன் என்ற ஊரில் சாரின் நச்சுவாயுவில் குழந்தைகள் உட்பட 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அசாத் அரசுதான் செய்தது என்பதில் தனக்குச் சந்தேகம் என்றார் கப்பார்ட். சிரிய அரசே பொறுப்பு என்று அக்டோபரில் ஐ.நா.வும் ரசாயன ஆயுதத் தடை அமைப்பும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு சொன்னது. கான் ஷேக்கூன் இருப்பது இட்லிப் மாகாணத்தில், அவர் போகாத அந்தப் பக்கத்தில்.