கோத்தகிரித் தகரக் கூரைக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

கேள்வி: கோத்தகிரியில் 650 சதுர அடி தகரக் கூரை வீடு, நான்கு பேர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தண்ணீர்த் தட்டுப்பாடு. சமவெளியில் போல உறிஞ்சுகுழி போதுமா, தொட்டி வேண்டுமா?

தொட்டிதான். செங்குத்துச் சரிவில் குழி வெட்டி நீரை இறக்கினால் அது கீழ்வீட்டுத் தடுப்புச்சுவரின் பின்னால் ஊறி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்தும். 2009 நவம்பர் மண்சரிவுகளைக் கண்ட நீலகிரியில் அந்தத் துணிச்சல் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கூரை சுமார் 60 சதுர மீட்டர். (சரிவான தகட்டை அளக்காதீர்கள்; அது மறைக்கும் தரையை அளக்க வேண்டும்.) 1 மி.மீ. மழைக்கு 60 லிட்டர். சிதறியது போகக் கைக்கு 50. ஆக 100 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் உங்களுக்கு அது எளிதில் கிடைக்கும். அதனால் தொட்டியின் அளவை முடிவு செய்வது மழையல்ல, வறண்ட நாட்கள். குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 100 நாளுக்கு 8,000 லிட்டர். குளியலும் துணியும் இதில் சேராது.

ஒரே பெரிய தொட்டியைவிட 2,000 லிட்டர் கறுப்புத் தொட்டிகள் நான்கு நல்லது. படிக்கட்டில் தூக்கிப் போகலாம். ஒன்று கெட்டாலும் வால்வை மூடி மற்றதைக் காப்பாற்றலாம். நிரம்பினால் ஒவ்வொன்றும் 2 டன். வெட்டிய கெட்டி நிலத்தில் வையுங்கள். கொட்டி நிரவிய மண் உட்கார்ந்துவிடும். வழியும் நீரைக் குழாய் வழியே ஓடைவரை கொண்டுபோய் விடுங்கள்.

6 அங்குல பிவிசி குழாயைப் பாதியாக அறுத்து, மீட்டருக்கு 1 செ.மீ. சாய்வில், இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் வைத்து, கூரை நீரை ஏந்தும் வாய்க்காலாக அதன் இரு ஓரங்களிலும் கட்டுங்கள். கிளாம்ப் குறைந்தால் நடுவில் தொய்ந்து நீர் தேங்கும், கொசு வரும்.

பலரும் கோட்டைவிடுவது முதல் மழைநீரில்தான். பறவை எச்சமும் சில்வர் ஓக், யூகலிப்டஸ் சருகும் ஊறிய அந்த நீர் தேநீர் நிறத்தில் வரும். முதல் 1 மி.மீ., அதாவது கூரையின் ஒரு பக்கத்துக்கு 30 லிட்டர், வெளியே போகட்டும். ஒவ்வொரு பக்க இறங்குகுழாயிலும் தொட்டிக்குப் பிரியும் இடத்தில் 'டி' இணைப்பு வைத்து, அதன் கீழே 6 அங்குலக் குழாய் 1.7 மீட்டர் தொங்கவிட்டு, அடியில் திருகு மூடி போடுங்கள். அது நிரம்பிய பிறகே நீர் தொட்டிக்குத் திரும்பும். மூடியில் 3 மி.மீ. துளை கட்டாயம், அடுத்த மழைக்குள் அதுவே குழாயைக் காலி செய்யும். வால்வு வைத்தால் திறக்க மறந்துபோகும், அடுத்த அழுக்கு நேரே தொட்டிக்குள் போகும். துளை சருகால் அடைபடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவுங்கள்.

தொட்டி வாயிலும் வழிகுழாயிலும் கொசுவலை, எடுப்புக் குழாய் அடியிலிருந்து 10 செ.மீ. மேலே. குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.