பொண்ணு வைல்ட்லைஃப் பயாலஜி படிக்கணும்ங்கறா, விடலாமான்னு கேட்ட அம்மாவுக்கு

உங்க மெசேஜ முழுசா படிச்சேன்மா. பொண்ணு பயோ மேத்ஸ் குரூப்ல ப்ளஸ் டூ முடிச்சிருக்கா, நீட்ல கட் ஆஃப் வரல, ரிப்பீட் பண்ணுன்னா மாட்டேங்கறா, விலங்குகள பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு உறுதியா நிக்கறா, வீட்டுக்காரர் "யானைய எண்றதுக்கா இவ்ளோ நாள் படிக்க வச்சோம்"னு கோவத்துல இருக்கார், சொந்தக்காரங்க எல்லாம் நர்சிங்ல போடு பயோடெக்ல போடுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. புரியுது.

முதல்ல பதில சொல்லிடறேன். விடுங்க, போகட்டும். ஆனா காலேஜ்ல சேரும்போதே வைல்ட்லைஃப்னு குறுக்கிக்க வேண்டாம். டிகிரி பொதுவா இருக்கட்டும், அந்த மூணு வருஷத்துல ஸ்டாட்டிஸ்டிக்ஸ உருப்படியா கத்துக்கட்டும், ஸ்பெஷலைஸ் பண்றத எம்எஸ்சில பாத்துக்கலாம். ஏன் இப்படி சொல்றேன்னா இந்த துறை வெளிய இருந்து பாக்கறதுக்கு காடு, கேமரா, புலின்னு தெரியும், உள்ள போனா நேரத்துல பெரும்பகுதி கம்ப்யூட்டர் முன்னாடி நம்பரோட போகும், அது புடிக்கற பிள்ளைங்கதான் கடைசி வரைக்கும் நிக்கறாங்க.

அப்பா சொன்ன அந்த எண்ற விஷயத்துல இருந்தே வரேன், ஏன்னா அவர் கோவத்துல சொல்லிருந்தாலும் இந்த சயின்ஸோட அடிப்படையே அதுதான். நம்ம மாநில விலங்கு வரையாட்ட அடுத்தடுத்து ரெண்டு வருஷம் கணக்கெடுத்தாங்க, தமிழ்நாட்டுல 2024ல 1,031 வந்துச்சு, 2025ல 1,303 வந்துச்சு. நியூஸ்ல பாத்தா ஆடு கூடிருச்சுன்னு முடிஞ்சிரும். ஒரு எகாலஜிஸ்ட், அதாவது உயிரினங்களுக்கும் அது வாழற சூழலுக்கும் உள்ள தொடர்ப ஆராயறவங்க, அங்கதான் ஆரம்பிப்பாங்க. நிஜமாவே குட்டி போட்டு பெருகுச்சா, இல்ல ரெண்டாவது வருஷம் கணக்கெடுத்த இடம் கூடுனதால வந்த வித்தியாசமா? பாறைக்கு பின்னாடி நின்னு யார் கண்ணுலயும் படாத ஆட்ட எப்படி கணக்குல சேர்க்கறது? ஒரே கூட்டம் ஒரு மலையில இருந்து அடுத்த மலைக்கு நடந்து போய் ரெண்டு டீம் நோட்டுலயும் ஏறிடாம எப்படி பாத்துக்கறது? இதுக்கெல்லாம் தனித்தனியா முறைகள் இருக்கு, உதாரணத்துக்கு ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி, ரெண்டு பேரும் பாத்தது எத்தன, ஒருத்தர் மட்டும் பாத்தது எத்தனன்னு ஒப்பிட்டு, ரெண்டு பேருமே தவறவிட்டது எவ்ளோ இருக்கும்னு கணக்கு போடுவாங்க. இத படிச்சதும் உங்க பொண்ணுக்கு ஆர்வம் கூடுதா, சலிப்பு தட்டுதான்னு அவ கிட்டயே காட்டி பாருங்க, அதுவே பாதி பதில்.

சமீபத்துல யூனிவர்சிட்டிகள்ல நடந்த ஆராய்ச்சி ரெண்டு மூணு சொல்றேன், வீட்டுக்காரர் கிட்டயும் படிச்சு காட்டுங்க. ஒடிசாவுல சிமிலிபால்னு ஒரு புலிகள் காப்பகம், அங்க உள்ள புலிகள்ல சிலதுக்கு கோடு எல்லாம் தடிச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து உடம்பே கருப்பா தெரியும். பெங்களூர்ல என்சிபிஎஸ்ங்கற உயிரியல் ஆராய்ச்சி மையத்துல உமா ராமகிருஷ்ணன் மேடமோட டீம் இத ஆராய்ஞ்சு 2021ல வெளியிட்டாங்க. டேக்பெப்னு ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறினதுதான் காரணம், அதே ஜீன்தான் வீட்டுப் பூனையோட கோட்டையும் தீர்மானிக்குது. எல்லா புலியையும் புடிச்சு ரத்தம் எடுக்க முடியுமா, அதனால காட்டுல கிடக்கற எச்சத்துல இருந்து டிஎன்ஏ எடுத்துத்தான் நிறைய வேலை நடந்துச்சு. நம்ம வண்டலூர்ல பொறந்த கருப்புப் புலிகளும் சிமிலிபால் வம்சத்தோட தொடர்பு உள்ளதுதான்னு அதுல தெரிஞ்சுது. ஆனா எனக்கு இதுல முக்கியமா படறது அந்த நிறம் கிடையாது. அந்த காடு மத்த புலிக் காடுகளோட தொடர்பு இல்லாம தனியா கிடக்கு, உள்ள இருக்கறதும் கொஞ்சப் புலிதான், அதுக்குள்ளயே கலந்து கலந்து வேற எங்கயும் காட்டுல பாக்கவே முடியாத ஒரு குணம் அங்க மட்டும் சர்வசாதாரணமா ஆயிருச்சு. அப்போ காட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல வழிய அடைச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு ஜீன்லயே சாட்சி இருக்கு. ரோடு எங்க போடலாம், வழித்தடம் எங்க விடணும்னு முடிவு பண்ற இடத்துல இந்த மாதிரி சாட்சி வேணும்.

இன்னொண்ணு கழுகு, சரியா சொன்னா பிணந்தின்னிக் கழுகு, பாறுன்னு சொல்வோமே அது. மாட்டுக்கு போடற டைக்ளோஃபெனாக் வலி ஊசி, அந்த மாடு செத்தப்புறம் சாப்பிடற பாறோட கிட்னிய அழிச்சிருது. இது கண்டுபுடிச்சு 2004ல வெளிவந்துச்சு, 2006ல மாட்டுக்கு அந்த மருந்த போடறதுக்கு இந்தியாவுல தடை வந்துச்சு, ஆனா அதுக்குள்ள பாறு கூட்டம் கூட்டமா போயிருச்சு. இதோட அடுத்த பகுதிதான் நான் பேரண்ட்ஸ் கிட்ட எல்லாம் சொல்றது. பாறு போனதால மனுஷனுக்கு என்ன நஷ்டம்னு எயால் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன்னு ரெண்டு பேர் கணக்கு போட்டாங்க, ஒருத்தர் சிகாகோ யூனிவர்சிட்டி, இன்னொருத்தர் இங்கிலாந்துல வார்விக். ரெண்டு பேருமே எகனாமிக்ஸ்காரங்க. முன்னாடி பாறு நிறைய இருந்த மாவட்டத்தையும் அவ்வளவா இல்லாத மாவட்டத்தையும் ஒப்பிட்டு, செத்த மாடு அப்படியே கிடந்து அழுகி தண்ணி கெட்டது, தெருநாய் பெருகினது, வெறிநோய் பரவினது எல்லாம் சேர்ந்து 2000ல இருந்து 2005 வரைக்கும் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலா செத்திருக்காங்கன்னு 2024ல எழுதினாங்க. ஒரு பறவை போனதுக்கு இவ்ளோ விலை. பொருளாதாரம், பொது சுகாதாரம், கால்நடை, பறவை எல்லாம் ஒரே ஆராய்ச்சில வந்து நிக்குது பாருங்க. அதான் சொல்றேன், இந்த பக்கம் வர பிள்ளைக்கு ஒரே ஒரு சப்ஜெக்ட் மட்டும் தெரிஞ்சா பத்தாது.

பெரிய விலங்குதான்னும் கிடையாது. பெங்களூர்ல ஐஐஎஸ்சிங்கற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்துல ரோகிணி பாலகிருஷ்ணன் மேடம் டீம்ல மரச் சில்வண்ட பத்தி பண்ணது எனக்கு ரொம்ப புடிக்கும். ஆண் சில்வண்டு இலையில ஓட்டை போட்டு அதுக்குள்ள உக்காந்து கத்தும், அப்போ சத்தம் பெருசா கேக்கும். யார் இத அதிகமா பண்றாங்கன்னு பாத்தா உடம்பு சின்னதா, குரல் கம்மியா இருக்கற ஆண்கள்தான். அந்த தந்திரத்தால பெரிய ஆண்கள் அளவுக்கு ஜோடியும் கிடைக்குது. ஒரு இலை, ஒரு பூச்சி, ஒரு மைக், அதுல பரிணாமத்த பத்தின ஒரு நல்ல கேள்வி.

சரி, படிப்புக்கு வருவோம். உங்க பொண்ணு பயோ மேத்ஸ்ங்கறதால முதல் சாய்ஸ் ஐசர்ங்கற மத்திய அரசோட அறிவியல் கல்வி நிறுவனம், அங்க அஞ்சு வருஷ பிஎஸ் எம்எஸ். அதுக்கு ஐஏடின்னு தனி நுழைவுத் தேர்வு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் பயாலஜி நாலும் சமமா வரும், நீட்டுக்கு படிச்ச பிள்ளைங்களுக்கு மூணு ஓடிரும், மேத்ஸ்தான் இடிக்கும், அத தூசி தட்டணும். திருப்பதி ஐசர்ல நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை சோலைக்காட்டு பறவைங்கள வச்சு பெரிய வேலை நடக்குது, பாலக்காட்டு கணவாய்க்கு வடக்க ஒரு இனம் தெக்க ஒரு இனம்னு எப்படி பிரிஞ்சுதுன்னு பாக்கறாங்க, திருவனந்தபுரம் ஐசர்லயும் வண்ணத்துப்பூச்சி, தேனீன்னு பரிணாமம் எகாலஜி ரெண்டும் நல்லா இருக்கு. ரெண்டுமே உங்க திண்டுக்கல்ல இருந்து ஒரு ராத்திரி பயணம்.

அது கிடைக்கலன்னா கவலைப்படாதீங்க, நல்ல கவர்ன்மென்ட் காலேஜ் இல்ல எய்டட் காலேஜ்ல பிஎஸ்சி ஜுவாலஜி இல்லன்னா பாட்டனி. இங்க ஒரு விஷயத்த அழுத்தி சொல்றேன், டிகிரி சர்டிபிகேட்ல என்ன பேர் வருதுங்கறது நம்ம ஊர்ல ரொம்ப முக்கியம். யுபிஎஸ்சி நடத்தற ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வனப் பணி தேர்வுக்கு தகுதிப் பாடங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல ஜுவாலஜி பாட்டனி ரெண்டும் நேரடியா இருக்கு. டிஎன்பிஎஸ்சில வன வேலை, டிஆர்பில பிஜி டீச்சர், எதுவா இருந்தாலும் அந்த பேரத்தான் முதல்ல பாப்பாங்க. கேக்க அழகா இருக்குன்னு புதுப்புது பேர்ல கோர்ஸ் வருது, சேர்றதுக்கு முன்னாடி இதுவும் ஜுவாலஜியும் சமம்னு சொல்ற அரசாணை இருக்கான்னு ஆபீஸ்ல கேளுங்க, வாய்ல சொன்னா நம்பாதீங்க, பேப்பர்ல காட்டச் சொல்லுங்க.

அந்த மூணு வருஷத்துல கூடவே ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆர்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, மேப் போடறதுக்கு கியூஜிஐஎஸ், இது மூணும் கத்துக்கணும். ஆரும் கியூஜிஐஎஸ்ஸும் ஃப்ரீ, என்பிடெல்ல பாடமும் ஃப்ரீயாவே கிடைக்குது, பழைய லேப்டாப் ஒண்ணு போதும். எம்எஸ்சின்னு வரும்போது பெங்களூர் என்சிபிஎஸ்ல வைல்ட்லைஃப் பயாலஜி அண்ட் கன்சர்வேஷன், டேராடூன் வைல்ட்லைஃப் இன்ஸ்டிட்யூட், பாண்டிச்சேரி யூனிவர்சிட்டி எகாலஜி டிபார்ட்மென்ட் இதெல்லாம் பெரிய பேர், சீட் ரொம்ப கம்மி. என்சிபிஎஸ் வருஷா வருஷம் ஆள் எடுக்கற கோர்ஸ் கிடையாது, அதையும் மனசுல வச்சு திட்டம் போடணும். நம்ம பக்கத்துல மயிலாடுதுறை ஏவிசி காலேஜ்லயும் ஊட்டி கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்லயும் எம்எஸ்சி வைல்ட்லைஃப் பயாலஜி இருக்கு, ஃபீஸ் கம்மி. பெரிய இடத்துல கிடைக்காட்டி எல்லாம் போச்சுன்னு நினைக்காதீங்க.

இப்போ காசு. மறைக்காம சொல்றேன். பிஎச்டி முடிச்சு நிரந்தர வேலைன்னு உக்கார பொண்ணுக்கு முப்பது வயச தாண்டலாம். சிஎஸ்ஐஆர் நெட்னு ஒரு தேசிய தேர்வுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. அத வச்சு அவ செலவ அவளே பாத்துக்குவா, ஆனா வீட்டுக்கு அனுப்பற அளவுக்கு மிஞ்சுமான்னு கேட்டா கஷ்டம். எம்எஸ்சிக்கும் பிஎச்டிக்கும் நடுவுல ப்ராஜெக்ட் வேலை வரும், எல்லாம் கான்ட்ராக்ட், ப்ராஜெக்ட் முடிஞ்சா வேலையும் முடிஞ்சுது. எஜுகேஷன் லோன் பெருசா எடுத்து இந்த படிப்புக்கு போறத நான் ஆதரிக்க மாட்டேன். வெளிநாட்டு மாஸ்டர்ஸ் ஏஜென்ட் யாராவது இருபது முப்பது லட்சம்னு பேசினா அங்கயே நிறுத்திருங்க, பிஎச்டிக்கு ஸ்டைபண்டோட போனா அது வேற கதை.

வேலை எங்கன்னா, ஆராய்ச்சி டீச்சிங் ஒரு பக்கம், வனத்துறை ஒரு பக்கம். தமிழ்நாட்டுல இப்போ இதுல நகர்வு ஜாஸ்தி, பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகம், உங்க பக்கத்துலயே கடவூர்ல தேவாங்கு சரணாலயம், ரெண்டும் 2022ல அறிவிச்சது. வண்டலூர்ல வனத்துறையோட உயர் வனவிலங்கு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, ஆனைகட்டில சாகோன்ங்கற பறவை ஆராய்ச்சி மையம் இருக்கு, அது இப்போ டேராடூன் இன்ஸ்டிட்யூட்டோட சேர்ந்திருச்சு. அப்புறம் நிறைய பேருக்கு தெரியாத ஒரு பக்கம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, பெரிய திட்டம் வரும்போது கன்சல்டன்சி கம்பெனில எகாலஜி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தாகணும். கையெழுத்துக்கு மட்டும் ஆள் தேடற கம்பெனியும் உண்டு, அதனால எங்க சேர்றாங்கறது முக்கியம், ஆனா நேர்மையா பண்ற இடத்துல நல்ல சம்பளம் இருக்கு.

என்ஜிஓன்னா சேவைதான்னு வீட்டுக்காரர் நினைக்கலாம். வால்பாறைய சொல்லுங்க. அங்க யானையால மனுஷங்க சாகறது பெரும்பாலும் இருட்டுல எதிர்பாராம எதிர்ல போய் நிக்கறதாலதான்னு நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்ங்கற என்ஜிஓவோட ஆனந்தகுமாரும் அவரோட டீமும் வருஷக்கணக்கா டேட்டா சேர்த்து கண்டுபுடிச்சாங்க. அப்போ யானைய விரட்டறத விட, யானை எங்க நிக்குதுன்னு ஜனங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சா போதும்னு எஸ்எம்எஸ், சிகப்பு லைட்டுன்னு எஸ்டேட் முழுக்க கொண்டு வந்தாங்க. 2015ல ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கு கொடுக்கற விட்லி விருது கிடைச்சுது. சாயங்காலம் வேலை முடிஞ்சு நடந்து வீட்டுக்கு போற தோட்டத் தொழிலாளிக்கு இது உயிர்.

பொம்பளப் பிள்ளைய காட்டுக்கு எப்படி அனுப்பறதுன்னு கேட்டிருந்தீங்க. யாரும் தனியா அலைய விட மாட்டாங்கம்மா, வனத்துறை பெர்மிட் இல்லாம உள்ளயே போக முடியாது, கூட உள்ளூர் பழங்குடி ஆள் ஒருத்தர், ஃபீல்டு ஸ்டேஷன்ல தங்கல். மேல நான் பேர் சொன்ன ரெண்டு மேடம் மட்டும் இல்ல, வால்பாறையில மழைக்காட்ட திருப்பி வளர்த்துட்டு வர திவ்யா முதப்பா மாதிரி இந்த துறையில பொண்ணுங்க நிறைய. ஆனா எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்காது. அதனால எந்த லேப்ல சேர்ந்தாலும் ஃபீல்டுல தங்கற இடம் எப்படி, அவசரம்னா வண்டி இருக்கா, புகார் குழு இருக்கான்னு அங்க ஏற்கனவே படிக்கற சீனியர் பொண்ணுங்க கிட்ட நேர்ல கேக்கச் சொல்லுங்க. நல்ல லேப்னா அந்த கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டாங்க.

இந்த வாரம் ரெண்டு வேலை பண்ணுங்க. ஐஏடி வெப்சைட்ல அப்ளிகேஷன் தேதி பாருங்க, மூடியிருந்தா பக்கத்து காலேஜ்ல ஜுவாலஜிக்கு ஃபாரம் வாங்கிருங்க, இதுக்காக ஒரு வருஷத்த வீணாக்க வேணாம். பொண்ண போன்ல இபேர்ட் ஆப்ப போட்டு, ஊர் குளத்துல தினமும் காலையில ஒரே இடத்துல ஒரே நேரம் கால் மணி நேரம் நின்னு என்ன பறவை எத்தனைன்னு பதியச் சொல்லுங்க, ஜனவரில பொங்கல் பறவை கணக்கெடுப்பு வரும்போது அதுலயும் கலந்துக்கட்டும். அந்த லிஸ்ட எனக்கு அனுப்பினா நானே உக்காந்து அவளோட ஒரு மணி நேரம் பேசறேன், வீட்டுக்காரரும் கூட இருக்கட்டும்.